தேவைக்கான சான்று

விண்ணப்பம் எழுதுவது பலரும் நினைப்பதுபோல் கடினமான வேலை இல்லை. கேள்வியை நிதானமாகப் படித்தால் போதும். பெரும்பாலானவர்கள் கேள்வியைப் படிப்பதில்லை. தங்களுக்குச் சொல்லத் தோன்றுவதை எழுதி அனுப்பிவிட்டு, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியில் பேருந்து நிறுத்தம் கேட்பதானாலும், கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு கேட்பதானாலும் காகிதம் என் மேசைக்குத்தான் வரும். "அருணகிரி சார்கிட்ட குடுங்க, அவர் எழுதுனா திரும்பி வராது" என்று முதல்வர் சொல்வார்.

நேற்று இந்தக் காவல் நிலையத்தில் நீங்களும் தாள்களை என் முன்னால் வைத்துவிட்டு, "அவசரம் இல்ல சார், எப்படித் தோணுதோ அப்படி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். அந்தப் பரிவு எனக்குப் பழக்கமில்லாதது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வாசலில் நின்ற காவலர் நான் எழுதுகிறேனா என்று எட்டி எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தபோதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்று வேறொருவர் நிற்கிறார். இவர் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு விருந்தினர் விடுதியின் மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். சுற்றிலும் இருப்பவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள், பேசாமல் இருப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவர்கள். அதனால் அந்தத் தெருவில் மௌனமாக இருக்கிறவனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. கல்லூரிவிட்டு வந்தால் புத்தகம், சாப்பாடு, மறுபடியும் புத்தகம். சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கட்கிழமை வருகைப்பதிவு எடுக்கும்வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடுதிக்காரர் உங்களிடம், "சார் ரொம்ப அமைதிங்க" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தீர்கள். அமைதியானவன் என்றால் உங்கள் துறையில் சந்தேகப்பட வேண்டும் போலிருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வந்தது. மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்கும் திட்டங்களுக்கு நிதியுதவி. திட்டத்தை ஒரு மாணவர் முன்னின்று நடத்த வேண்டும், ஓர் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டும். முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "இது வந்துச்சுனா காலேஜுக்குப் பேரு சார். உங்களப் பத்தியும் நான் மேனேஜ்மெண்ட்ல வாயத் தொறந்து பேசலாம்" என்றார். என் வேலை ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்படுகிற வேலை. பொருளாதாரத்தில் சேருகிற பிள்ளைகள் வருடா வருடம் கம்மியாகிக்கொண்டு வருகிறார்கள். அவர் எதைச் சொல்கிறார் என்பது இருவருக்கும் புரிந்தது. ஆனால் நான் இதில் இறங்கியது அதற்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கீர்த்தனா தாவரவியல் இரண்டாம் ஆண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அவள் அப்பா சின்னசாமி, நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற விவசாயி. பட்டம் வாங்கியதும் வனவர் தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் எண்ணம், பட்டம் வாங்கியதும் கல்யாணம் என்பது வீட்டின் எண்ணம். இந்தத் திட்டத்தை நடத்திப் பல்கலைக்கழகச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் வீட்டில் வாதாட ஒரு பிடி கிடைக்கும் என்று நினைத்தாள். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"சார், கோடை வந்தா மலைல தீப்புடிக்குது இல்ல, அதுக்கு நம்ம பசங்களே ஒரு டீம் போடலாம் சார். பொங்கல் முடிஞ்சதும் அடிவாரத்துல புல்ல அறுத்துக் கோடு போட்டு வெச்சுட்டா தீ ஊருப்பக்கம் எறங்காது. ஃபாரஸ்ட்காரங்களுக்கும் ஆள் கம்மி."

"யார் வைக்கிறாங்க தீ?" என்றேன்.

"யார் வெச்சா இன்னா சார். பீடி போடுறாங்க. கற்பூரம் ஏத்திட்டு அப்டியே உட்டுட்டுப் போறாங்க. கற்பூரத்துக்குச் சாம்பல் கூட இருக்காது, இன்னார்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

கற்பூரத்தைப் பற்றி முதலில் சொன்னது அவள்தான்.

அவளுடன் எப்போதும் ஆதவன் என்ற மாணவனும் வருவான். பைக் இருந்ததாலும் வாய் ஓயாததாலும் குழுவில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. "இவ லீடர்னா நான் இன்னா சார்?" என்று கேட்டான். "நீ டிரைவர்ரா, போய் பெட்ரோல் போட்டுனு வா" என்றாள் கீர்த்தனா. ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

விண்ணப்பத்தை எழுத ஒரு மாதம் ஆயிற்று. வகுப்பு முடிந்ததும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் ஒரு வாக்கியம் எழுதிப் படித்துக் காட்டினால், "இது நல்லா இருக்கு சார், ஆனா இது நாங்க சொல்றமாரி இல்ல" என்பாள். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாற்றி எழுதுவேன். பல நாள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஓடும்போது திரும்பி, "சாப்டுட்டுப் போங்க சார், மெஸ் மூடிடுவான்" என்று கத்துவாள். இவையெல்லாம் வழக்குக்குத் தேவையில்லாத விவரங்கள் என்று தெரியும்.

திட்டத்தின் விதிகளை நான் வகுத்தேன். அவற்றில் முக்கியமான விதி இது: மாணவர்கள் தீத்தடுப்புக் கோட்டில் மட்டுமே நிற்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அதைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. கோடு என்றால் புல்லை அறுத்து வெறும் மண்ணாக்கிய அகலமான பட்டை, மலையடிவாரத்தில், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில். அங்கே நின்றால் யாருக்கும் ஆபத்தில்லை. இந்த விதியை யார் எழுதியது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதம் பதில் வந்தது. நிராகரிப்பு. காரணம் ஒரே வரி: திட்டத்துக்கான தேவை போதிய அளவு நிறுவப்படவில்லை, அண்மையில் தீ நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை. அவர்கள் சொன்னது சரிதான். முந்தைய இரண்டு கோடையிலும் மழை இடையில் வந்து பெய்துவிட்டது. மலை பற்றி எரியவே இல்லை. மறு வாய்ப்பாக, மார்ச் முடிவதற்குள் திருத்தி அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

கீர்த்தனா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். "பரவால்ல சார், மலை எரியலனா நல்லதுதான்" என்றாள்.

ஆதவன்தான் அதைச் சொன்னான். "இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருக்க. எவனாவது மேல போய் ஒரு பீடியப் போட்டுட்டு வந்தா சாங்ஷன் ஆயிடப் போவுது."

"வாயக் கழுவுடா. அது சாமி."

"சாமிதான் கிராண்ட் குடுக்கணும் இப்ப."

யாரும் சிரிக்கவில்லை. ஆக, அந்த யோசனை என்னுடையது அல்ல. ஆதவன் இப்போது என்னைப் பார்க்கும் பார்வையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நேற்று இந்த நிலையத்து வராந்தாவில் என்னைக் கடந்து போனபோது சுவரோடு ஒட்டிப் போனான். தான் விளையாட்டாகச் சொன்னது தனக்கு நினைவிருக்கிறது, எனக்கும் நினைவிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அவனைச் சந்தேகிக்க உங்களுக்குக் காரணம் இருந்தது. நீங்கள் சந்தேகிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் மாதம் ஒரு மதியம் எனக்கு வகுப்பு இல்லை. குபேர லிங்கத்துக்குப் பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கினேன். கிரிவலப் பாதையில் கற்பூரம் வாங்குகிறவனை எந்தக் கடைக்காரரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். குபேர லிங்கத்துக்கும் ஈசான்ய லிங்கத்துக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை மலைமேல் போகிறது. கீர்த்தனாவும் மற்றவர்களும் நிதி வரும்வரை காத்திருக்காமல் பொங்கல் கழிந்ததுமே அங்கே கோடு போட்டிருந்தார்கள். நன்றாகப் போட்டிருந்தார்கள். கோட்டுக்கு மேலே, ஒரு பாறைக்கும் இன்னொரு பாறைக்கும் இடையில் சிறிய புல்வெளி. எங்கும் பரவ வழியில்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பிறகு கல்லூரிக்குத் திரும்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்தேன்.

பெரிய தீ இல்லை. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. புங்கன் கிளைகளை ஒடித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் கோட்டில் வரிசையாக நின்றார்கள், கோடுவரை வந்த நெருப்பை அடித்து அணைத்தார்கள். ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. தீ அணைந்த அன்று சாயங்காலமே கீர்த்தனா நூலகத்துக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் கரி. "சார், கோடு நின்னுடுச்சு சார். நாங்க போட்ட கோட்டுல வந்து அப்டியே நின்னுடுச்சு" என்றாள். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன் என்னிடம்தான் சொல்ல வந்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால், நான் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிற்பாடு வருந்த வேண்டிய எதுவும் அன்று நடக்கவில்லை. ஒரு பெண் தலைவியானாள். சுற்றறிக்கையில் கேட்டிருந்தது அதைத்தான்.

திருத்திய விண்ணப்பத்தைப் படத்துடன் அனுப்பினோம். இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது. தேர்வுப் பட்டியலில் இருக்கிறோம், வல்லுநர் குழு ஏப்ரல் கடைசியில் நேரில் வந்து பார்க்கும், அதன் பிறகுதான் முடிவு.

ஏப்ரல் நடுவில் கோடை மழை இரண்டு நாள் பெய்தது. எரிந்த இடத்தைப் பார்க்கப் போனோம். கரி தெரியாத அளவுக்குப் பசும்புல் முளைத்திருந்தது. கீர்த்தனாவுக்குச் சந்தோஷம். கீழே குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தாள். "எவ்ளோ சீக்கிரம் பாருங்க சார்" என்றாள். குழு வந்து பார்த்தால் அங்கே புல்தான் இருக்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவனாக நான் ஒருவன்தான் இருந்தேன். மேலே பழைய புல் மழைக்குப் பின் வந்த வெயிலில் மறுபடியும் காய்ந்து நின்றது.

குழு வந்த அன்று மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். எங்கள் கல்லூரி வேங்கிக்கால் பக்கம். கருத்தரங்கக் கூடத்தின் ஜன்னல்களிலிருந்து மலையின் அந்தச் சரிவு முழுவதும் தெரியும். கீர்த்தனா பேசிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் புகை தெரிய வேண்டும், பிள்ளைகள் எழுந்து ஓட வேண்டும், கோட்டில் போய் நிற்க வேண்டும், குழுவினர் காரில் பின்னால் வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மேசைமேல் இருக்கும் எந்தத் தாளும் சொல்லாததை அது சொல்லிவிடும். குழுவுக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கி வருவதாக முதல்வரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். வெளியூர்க்காரன் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன். யோசித்துச் செய்ததில்லை. மலையே சுவாமி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மலைமேல் செருப்புக்காலோடு ஏறியது என் வாழ்வில் இல்லை. மலைக்குத் தீ வைக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றுவானா என்று நீங்கள் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கழற்றுவான். பாதையோரம் ஒரு கல்லின் பக்கத்தில், ஜோடியாக, மலையைப் பார்த்து வைத்துவிட்டுப் போனேன். முதல் முறையும் அப்படித்தான் வைத்தேன். அன்று யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை கோட்டுக்கு வெகு மேலே, ஓடைப் பள்ளத்தில் வைத்தேன். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் அல்லவா. நான் கீழே இறங்குவதற்குள் காற்று திரும்பிவிட்டது. நெருப்பு எனக்கும் பாதைக்கும் நடுவில் வந்துவிட்டது. மேலே புல் இல்லாத ஒரு பாறைத்தளம் இருந்தது. அங்கே ஏறி, ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து வலப்பக்கமாக வெறும் பாறையாகவே ஒரு சரிவு குபேர லிங்கத்துப் பக்கம் இறங்குகிறது. அந்த வழியாகப் பிறகு இறங்கி வந்தேன். பாறை சுட்டது. என் பாதங்களை நீங்கள் முதல் நாளே பார்த்துவிட்டீர்கள், கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வகைக் கேள்வி என்று எனக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கு வந்தேன். வழியில் இறங்கிப் பொன்னாடையும் வாங்கினேன்.

கூடத்தில் குழுவினர் ஜன்னலருகே நின்றிருந்தார்கள். முதல்வர் என்னைப் பார்த்ததும், "எங்க சார் போயிட்டீங்க? பசங்க எல்லாம் அப்பவே ஓடிட்டாங்க" என்றார். குழுத் தலைவர், வயதானவர், மலையைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணு பேசிக்கிட்டே இருந்தது, பாதி வாக்கியத்துல நிறுத்திட்டுப் போயிடுச்சு. இதத்தான் லீடர்ஷிப்ங்கறது" என்றார். நான் பொன்னாடையைப் பிரித்தேன். அவர் என் காலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மரியாதையாக நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்து மணிக்கு மேல் செய்தி வந்தது. பிள்ளைகள் எல்லாரும் விதிப்படி கோட்டில் நின்றிருக்கிறார்கள். கீர்த்தனா மட்டும் விதியை மீறியிருக்கிறாள்.

முருகையனை நீங்கள் மறுநாளே பிடித்தீர்கள். ஈசான்ய லிங்கத்துப் பக்கம் ஆடு மேய்க்கிறவர், பீடி குடிப்பவர். புதுப்புல் முளைப்பதற்காக ஆட்டுக்காரர்கள் தீ வைப்பார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. இதில் நான் பொய் சொன்னதாக உங்கள் எழுத்தர் பதிவு செய்திருக்கிறார். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மலையில் யார் இருந்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். வழக்கமாக ஆட்டுக்காரர்கள் இருப்பார்கள் என்றேன். வழக்கமாக இருப்பார்கள். அவர் மனைவி காசியம்மாள் மூன்று நாளாக இந்த நிலையத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நேற்றுத்தான் பார்த்தேன். என்னிடம், "சார், நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. அது மலையப் பாத்து பீடி கூட வலிக்காது சார், திரும்பி நின்னுதான் வலிக்கும்" என்றாள். அவரை விட்டுவிடுங்கள்.

துக்கம் கேட்கக் கீழ்பென்னாத்தூருக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் கவனிப்பார்கள். சின்னசாமி என்னைக் கூடத்துக்குள் அழைத்து நாற்காலி போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. எனக்கு அது சிரமமாக இல்லை.

பிறகு அவர் கேட்டார். "கோட்டத் தாண்டி மேல போவவே கூடாதுனு நீங்க ரூல் போட்டிருக்கிறதா பொண்ணு சொல்லும் சார். வூட்ல வந்து எங்களுக்கே பாடம் எடுக்கும். அப்பறம் எதுக்கு சார் போச்சு?"

"தெரியலைங்க" என்றேன்.

"யாரையோ தேடிக்கினு போச்சுனு அந்தப் பையன் சொல்றான். யாரும் அங்க இல்லியே சார்."

"இல்லைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. நான் எழுந்தபோது வாசல்வரை வந்து, "சாப்டுட்டுப் போங்க சார்" என்றார். அந்த வீட்டில் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது.

அதற்கு மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தீர்கள். உள்ளே உருகிப்போன ஒரு ஜோடிச் செருப்பு. அவள் முதுகுப்பைக்குள் இருந்ததாகச் சொன்னீர்கள். இடது காலின் கட்டைவிரல் வளையத்தில் நானே போட்ட தையல் எரியாமல் இருந்தது. அது யாருடையது என்று ஆதவன் ஏற்கெனவே உங்களிடம் சொல்லிவிட்டிருந்தான். பாதை தொடங்கும் இடத்தில் அவனும் அவளும் அதைப் பார்த்திருக்கிறார்கள். "டேய், இது சார் செருப்பு. சார் மேல மாட்டிக்கினு இருக்காரு. தரை கொதிக்குமே, வெறுங்காலோட எப்படி வருவாரு" என்று சொல்லிவிட்டு, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறாள். ஆதவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். உதறிவிட்டுப் போயிருக்கிறாள்.

நீங்கள் அதைப் படித்துக் காட்டியபோது நான் எந்த அதிர்ச்சியும் காட்டவில்லை என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். அவர் கவனமானவர். பையில் என்ன இருந்தது என்று எனக்கு முன்பே தெரியும்.

தீ வைத்ததை ஒப்புக்கொள்கிறேன், இரண்டு முறையும். அதற்கான தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அவள் இறந்தது அவள் எடுத்த முடிவால் நேர்ந்தது என்று எழுதி இதை இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நேற்றுவரை இருந்தேன். படித்துப் பார்த்தேன். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் விட்ட விண்ணப்பத்தை நான் இதுவரை அனுப்பியதில்லை.

பாறைத்தளத்தில் கல்லுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது அவள் கீழேயிருந்து வந்தாள். பள்ளத்தின் இடப்பக்கமாக வந்தாள். அந்தப் பக்கம் அப்போது தீ இல்லை, ஆனால் காற்று அங்கேதான் திரும்பிக்கொண்டிருந்தது. உயரத்தில் இருந்த எனக்கு அது தெரிந்தது. அவளுக்குத் தெரிய வழியில்லை.

"சார்" என்று கூப்பிட்டாள். "சார், எங்க இருக்கீங்க?"

நான் பேசவில்லை.

"செருப்பு எடுத்தாந்திருக்கேன் சார். கீழ சுடும், நடக்காதீங்க. அங்கியே இருங்க, நான் வரேன்."

வலப்பக்கம் வா என்று சொல்லியிருந்தால் போதும். வெறும் பாறை. ஏறி வந்திருப்பாள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். பதில் சொன்னால் என்னை அங்கே பார்த்துவிடுவாள், என் சட்டைப்பையில் கற்பூரம் இருந்தது, திட்டம் போய்விடும், அவள் சான்றிதழும் போய்விடும். பதில் இல்லை என்றால் மேலே யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவாள், அவளுக்கும் அதுதான் நல்லது. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் பிறகு, அறையில், யோசித்து எழுதிக்கொண்டவை. அந்த நேரத்தில் இவற்றில் ஒன்றுகூட என் மனத்தில் இல்லை.

புகை மேலே வர வர அவள் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நடுநடுவே இருமினாள். இருமிவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். பயந்துபோன குரல். அந்தப் பயம் அவளுக்காக இல்லை என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. என்னைத் தேடிக்கொண்டு யாரும் எங்கேயும் வந்ததில்லை. கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு குரல் நின்றது. இன்னொரு முறை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன்.